கையில் எடுத்தால்தான் அழகு தெரியும்!

டெல்லி 'ரிங் ரோடு' ஓரத்தில் சூளை மூட்டிய சர்தார் குருசரண் சிங்கின் கதை

டெல்லியில் குடியேறிய தமிழர் வீடுகளில் ஒரு சாமான் தவறாமல் இருக்கும். ஊறுகாய் ஜாடி!

மேல் பாதி பழுப்பு. கீழ்ப் பாதி வெள்ளை. வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, கோணிப் பைக்குள் வைக்கோல் திணித்து, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஊரிலிருந்து வந்து இறங்கிய ஜாடிகள் எத்தனையோ! கரோல் பாக்கில் ஒற்றை அறையில் இருந்தவர், சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைத்து ராமகிருஷ்ணபுரம் போனார். கட்டில் மாறியது, அலமாரி மாறியது. ஜாடி மட்டும் கூடவே போனது.

அந்த ஜாடியை யாரும் முன் அறையில் வைத்து அழகு பார்ப்பது இல்லை. அதன் இடம் சமையல் அறை மூலைதான்.

ஆனால் ஒரு நிமிடம் அதை உற்றுப் பாருங்கள். உப்பும் எலுமிச்சைச் சாறும் பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும். இரும்பில் பட்டால் துரு ஏறும். ஜாடியின் உள்ளே கண்ணாடி போலப் படிந்திருக்கும் பூச்சை அவை ஒன்றும் செய்யா. வாய் ஒடுங்கி இருப்பதால் காற்று அதிகம் புகாது. வாய் ஓரத்தில் வெளியே புடைத்து நிற்கும் விளிம்பு, வேடு கட்டிய கயிறு நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. வயிறு உருண்டையாக இருப்பதால், எடுத்துக் குலுக்கும்போது காயெல்லாம் உப்பு நீரில் ஒரு சேரப் புரள்கிறது. உள்ளே மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவதும் சுலபம்.

அந்த உருவத்தில் வீணான வளைவு ஒன்றுகூட இல்லை. ஜாடிக்கு அழகு என்று ஒன்று இருந்தால் அது இதுதானே?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்ட ஒருவர் தலைநகரில் வாழ்ந்தார். அவர் பெயர் சர்தார் குருசரண் சிங். இந்தியாவில் தனிக் கலைஞர் ஒருவர் தன் கையால் வனைந்து, தன் சூளையில் சுட்டு உருவாக்கும் மண்பாண்டக் கலைக்கு முன்னோடி அவர்.

முத்ரிகா பஸ்ஸில் ரிங் ரோடைச் சுற்றி வருகிறவர்களுக்கு சப்தர்ஜங் ஆஸ்பத்திரி தெரியும். அந்த வட்டாரத்தில்தான் 1952-ம் ஆண்டு அவர் தம் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். 'டெல்லி புளூ பாட்டரி' என்பது அதன் பெயர். அப்போது அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர்!

ஐம்பதுக்கு மேல் ஒரு மனிதர் சூளை மூட்டத் துணிந்தார் என்றால், அதற்கு முன்னால் என்ன நடந்தது?

கல்லைப் படித்தவர் மண்ணுக்கு வந்தார்

குருசரண் சிங் குயவர் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. காஷ்மீரத்துச் சீக்கியர். ஜம்முவில் கல்லூரியில் சேர்ந்து ஜியாலஜி என்னும் நிலநூல் படித்தார். பாறையும் கனிமமும் அவருக்குப் பாடம்.

1918-ல் டெல்லிக்கு வந்தார். புது டெல்லி எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ராம்சிங் காபுலி என்பவர் டெல்லியில் ஒரு மண்பாண்டத் தொழிற்சாலை நடத்திவந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்தார் இந்தப் படித்த வாலிபர்.

அங்கேதான் அப்துல்லாவைச் சந்தித்தார்.

அப்துல்லா ஒரு பட்டாணியர். பரம்பரைத் தொழிலாளி. டெல்லியின் பழைய கட்டடங்களில் பதித்திருக்கும் நீல ஓடுகளின் வித்தை அவர் கையில் இருந்தது. நிஜாமுதீன் பக்கம் மதுரா சாலை சந்திப்பில் வட்டமிட்டுத் திரும்பும்போது நீல நிறக் கும்மட்டம் ஒன்று கண்ணில் படுமே, சப்ஜ் புர்ஜ்! ஹுமாயூன் கல்லறையை ஒட்டி இருக்கிறதே, நீலா கும்பத்! லோதி தோட்டத்தில் ஷீஷ் கும்பத் சுவரில் மிச்சம் மீதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஓடுகள்! எல்லாம் அந்த வித்தையின் வழி வந்தவை.

அந்த நீலம் எப்படி வருகிறது? செம்பிலிருந்து! செப்புத் தாதுவைச் சோடா கலந்த கண்ணாடிப் பொடியோடு சேர்த்து அரைத்துப் பூசிச் சூளையில் வைத்தால், வெளியே வரும்போது மயில் கழுத்து நிறம். கோபால்ட் என்னும் தாதுவைச் சேர்த்தால் ஆழ்ந்த கருநீலம்.

அந்த ஓட்டுக்கு உடல்கூடக் களிமண் அல்ல. வெள்ளைக் கல்லை மாவாக அரைத்துப் பிசைந்து செய்வது. ஜெய்ப்பூர் நீலப் பாண்டமும் இதே வகைதான்.

இதைப் படித்தவர் யாரும் அப்துல்லாவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்குத் தகப்பன் சொன்னது. தகப்பனுக்குப் பாட்டன் சொன்னது. கல்லூரிப் பட்டம் பெற்ற குருசரண் சிங், எழுத்தில் இல்லாத இந்தப் பாடத்தை அந்தத் தொழிலாளியிடம் கற்றுக்கொண்டார். கடைசி வரை அவரைத் தம் குரு என்றே மதித்தார்.

ஆனால் ஒரு குறை இருந்தது. இந்தக் கல்மாவுப் பாண்டம் குறைந்த சூட்டில் வெந்தது. சுவரில் பதித்தால் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். அதிலேயே தினமும் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றிக் குடிக்க முடியாது. பூச்சில் விரிசல் விட்டால் உள்ளே நீர் ஊறும். பார்க்க அழகு, புழக்கத்துக்கு மென்மை.

அழகும் வேண்டும், புழங்கவும் வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

ஜப்பானில் கிடைத்த பாடம்

1919-ல் குருசரண் சிங் ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். டோக்கியோவில் உயர் தொழிற்பள்ளியில் மண்பாண்ட நுட்பம் படித்தார். 1922 வரை அங்கே இருந்தார்.

பள்ளியில் கற்றதைவிடப் பள்ளிக்கு வெளியே கிடைத்த நட்பு பெரிது. யானகி சோயெட்சு என்ற சிந்தனையாளர், பெர்னார்டு லீச் என்ற ஆங்கிலேயர், டொமிமோட்டோ, ஹமடா ஷோஜி என்ற ஜப்பானியக் கலைஞர்கள் ஆகியோரின் வட்டம் அது. எல்லோரும் வாலிபர்கள். பின்னால் உலகப் புகழ் பெற்றவர்கள்.

அவர்கள் பேசிக்கொண்டது என்ன?

அரண்மனைக்காகச் செய்த பூச்சாடிகளைவிட, பெயர் தெரியாத கிராமத்துத் தொழிலாளி அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த கிண்ணத்தில் உயர்ந்த அழகு இருக்கிறது என்பதுதான்! யானகி இதையே பிற்காலத்தில் ஓர் இயக்கமாக வளர்த்தார். 1936-ல் டோக்கியோவில் இத்தகைய பொருள்களுக்காகவே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

இதற்கு அவர் காட்டிய சாட்சி ஒன்று சுவையானது.

ஜப்பானில் கியோட்டோ நகரத்து மடம் ஒன்றில் ஒரு தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. 'கிசாயெமோன்' கிண்ணம் என்று பெயர். 1951-ல் ஜப்பான் அரசு அதை நாட்டின் செல்வம் என்று அறிவித்தது. 1931-ல் யானகி அதைப் பார்க்கப் போனார். பெட்டிக்குள் பெட்டியாகத் திறந்து, பட்டுத் துணியை விலக்கி எடுத்தார்கள்.

பார்த்தால், கொரியா நாட்டில் செய்த ஒரு சாதாரணக் கிண்ணம்! மங்கிய மஞ்சள் நிறம். மேலே கோடு கோடாக நுண்ணிய விரிசல். ஓரத்தில் பழுதுபார்த்த தழும்பு. ஏழை ஒருவர் சோறு தின்பதற்காக, அவசர அவசரமாக வனைந்த பாத்திரம் இது என்றார் யானகி. செய்தவர் தம்மைக் கலைஞர் என்று நினைக்கவே இல்லை. அதனால்தான் இதில் பொய் அழகு ஒட்டவில்லை என்பது அவர் கட்சி.

சோற்றுக் கிண்ணம் நாட்டின் செல்வம் ஆனது!

இந்தக் கட்சியைக் கேட்டுவிட்டுத்தான் குருசரண் சிங் இந்தியா திரும்பினார். அவருக்கு அப்துல்லாவின் முகம் நினைவுக்கு வராமல் இருந்திருக்குமா?

ஜப்பானிலிருந்து அவர் இன்னொன்றும் கொண்டுவந்தார். உயர்ந்த சூட்டில் சுடும் நுட்பம். நம் ஊர்ப் பானை ஆயிரம் டிகிரிக்கும் குறைந்த சூட்டில் வேகிறது. அதனால் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். தண்ணீர் கசிந்து ஆவியாகிப் பானை குளிர்கிறது. அதே சூட்டை 1,200 டிகிரிக்கு மேல் ஏற்றினால், தகுந்த மண் இறுகிக் கல் போல் ஆகிவிடும். கசியாது. கண்ணாடிப் பூச்சும் உருகி அதோடு ஒன்றிப் பிடித்துக்கொள்ளும். நமது ஊறுகாய் ஜாடி இந்தச் சாதிதான்!

உத்தியோகமும் காத்திருப்பும்

திரும்பி வந்தவருக்கு உடனே கலைஞர் வாழ்க்கை அமைந்துவிடவில்லை. கையால் வனைந்த கோப்பையை விலை கொடுத்து வாங்க அன்றைய இந்தியாவில் ஆள் இல்லை. பணக்காரர் வீட்டில் சீமைப் பீங்கான். மற்றவர் வீட்டில் பித்தளை, மண்.

பழைய தொழிற்சாலையில் சில காலம் வேலை. பிறகு அரசு உத்தியோகம். அம்பாலாவில் மண்பாண்டத் தொழிலை வளர்க்கும் பணி. ஊர் ஊராகக் குயவர்களுக்கு யோசனை சொல்லும் வேலை.

உத்தியோகம் என்றால் என்னவென்று டெல்லித் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் பைல், மாலையில் பஸ். பாட்டுத் தெரிந்தவரும், நாடகம் தெரிந்தவரும், 'ரிடையர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஆசையை மடித்து வைத்துவிடுகிறார்கள். பலருக்கு அந்த நாள் வருவதே இல்லை.

குருசரண் சிங் சுமார் முப்பது ஆண்டுகள் காத்திருந்தார். இடையில் தேசப் பிரிவினை வந்து பஞ்சாபையே புரட்டிப்போட்டது. அவர் ஆசை மட்டும் அணையவில்லை. 1952-ல் டெல்லியில் சூளை எழுந்தது.

பட்டறைக்கு 'டெல்லி நீலம்' என்று பெயர் வைத்தார் அல்லவா? அது அப்துல்லாவுக்குச் செலுத்திய குருதட்சிணை.

சுவர் ஓடுகளும், காற்றோட்டத்துக்கான ஜாலி வேலைப்பாடுகளும் பட்டறையில் உருவாயின. அவற்றோடு சுராஹி, கூஜா, தேநீர்க் கெண்டி, குவளை, கிண்ணம், மூடி போட்ட ஜாடி என்று புழங்கும் பாத்திரங்களைச் செய்துகொண்டே இருந்தார். அவர் பாத்திரங்களில் ஆடம்பரம் கிடையாது. உருண்டு திரண்ட வயிறு, உறுதியான கழுத்து, மேலே ஒரே நிறம். அந்த நீலமோ, தவிட்டு நிறமோ, பச்சையோ தானே பேசட்டும் என்று விட்டுவிடுவார்.

ஒரு கெண்டிக்குள் எத்தனை கணக்கு!

புழங்கும் பாத்திரம் செய்வது சிலை செய்வதைவிட எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. சிலை நின்றால் போதும். பாத்திரம் தினமும் பரீட்சை எழுத வேண்டும்.

தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மூக்கு, வாய் விளிம்பைவிடத் தாழ்ந்து இருந்தால் என்ன ஆகும்? கெண்டி நிறைவதற்கு முன்பே மூக்கு வழியாக ஒழுகும். எனவே மூக்கின் நுனி வாய்க்குச் சமமாகவோ சற்று உயர்ந்தோ இருக்க வேண்டும். நுனியின் ஓரம் மழுங்கி இருந்தால், ஊற்றி நிறுத்தியபின் கடைசிச் சொட்டு கழுத்து வழியாக வழிந்து மேஜைத் துணியைக் கறையாக்கும். ஓரம் கூர்மையாக இருந்தால் சொட்டு அறுந்து நிற்கும்.

மூக்குக்கு உள்ளே, இலைத்தூள் வராமல் தடுக்கச் சல்லடைத் துளைகள். அந்தத் துளைகள் எல்லாம் சேர்ந்து மூக்கின் வாயைவிட அதிக இடம் தர வேண்டும். குறைந்தால் தேநீர் திக்கித் திக்கி வரும். மூடியில் ஊசித் துளை ஒன்று வேண்டும். உள்ளே காற்றுப் போகாவிட்டால் வெளியே நீர் வராது. கெண்டியைச் சாய்க்கும்போது மூடி விழாமல் இருக்க, அதன் அடியில் நீண்ட கழுத்து வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஒரு சங்கடம் பாக்கி. மண், காய்ந்து வெந்து முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்! நேற்றுச் செய்த கெண்டிக்கு அடுத்த வாரம் வேறு மண்ணில் மூடி செய்தால் பொருந்தாது. கெண்டியும் மூடியும் ஒரே மண்ணில், ஒரே வேளையில் வனைந்து, ஒன்றாகவே காய்ந்து, ஒன்றாகவே நெருப்பில் போக வேண்டும்.

கோப்பையின் பிடியைக் குயவர் எப்படிச் செய்கிறார் தெரியுமா? ஈரமான மண் உருண்டையை ஒரு கையில் பிடித்து, மறு கையை நனைத்து, பசுவின் காம்பில் பால் கறப்பதுபோல நீவி நீவி இழுக்கிறார். விரல் அழுத்தத்தில் பிறந்த பிடி என்பதால் நம் விரலுக்கு அது ஒத்துப்போகிறது.

உதடு படும் ஓரம் மெல்லியதாக, ஆனால் கூரில்லாமல் இருக்க வேண்டும். அடி கனமாக இருக்க வேண்டும். இல்லையேல் கைபட்டால் கவிழும். மொத்தத்தில் எடையோ, கண் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவும் இருக்கக்கூடாது; குறைவாகவும் இருக்கக்கூடாது.

உங்கள் வீட்டுப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தின் ஓரத்தில் மட்டும் பளபளப்பு இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். பூச்சை அங்கே துடைத்துவிட்டுத்தான் சூளையில் வைப்பார்கள். துடைக்காவிட்டால் உருகிய பூச்சு சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கையால் செய்த பாத்திரம் என்றால், கைதேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது இந்த அடிப்பாகத்தைத்தான். மண்ணின் உண்மை நிறமும், செய்தவரின் கைத்திறமையும் அங்கேதான் வெளிப்படும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. நம் டம்ளர்–டவராவைப் பாருங்கள். டம்ளரின் வாய் ஏன் வெளிப்பக்கம் மடிந்திருக்கிறது? சூடான காப்பி டம்ளரை அந்த விளிம்பில் பிடித்துத் தூக்கலாம். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளலாம். டவரா எதற்கு? ஆற்றுவதற்கு, அப்படியே நுரை எழுப்புவதற்கு. இதை வரைந்து கொடுத்த நிபுணர் யார்? யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் காப்பி குடித்த கைகளே வரைந்தன.

விலை என்ற வேலி

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். 'அன்றாடப் பாத்திரம் என்கிறீர்கள். ஆனால் கையால் வனைந்த கோப்பை, கடையில் விற்கும் கோப்பையைவிடப் பல மடங்கு விலை. குமாஸ்தாவும் கூலிக்காரரும் அதை எப்படி வாங்குவார்கள்?'

கேள்வி சரிதான். டெல்லியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டரில் உத்தரப்பிரதேசத்துக் குர்ஜா நகரம் இருக்கிறது. கோப்பையும் சாசரும் ஊறுகாய் ஜாடியும் அங்கே மலை மலையாகச் செய்கிறார்கள். அச்சில் வார்த்து எடுப்பதால் மலிவு. எவர்சில்வர் வந்த பிறகோ, உடையவே உடையாத பாத்திரம் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது.

சக்கரத்தில் ஒவ்வொன்றாக வனைகிறவருக்கு அந்த வேகம் வராது. மண் பிசைய ஒரு நாள், வனைய ஒரு நாள், காய நாட்கள், முதல் சூடு, பூச்சு, இரண்டாம் சூடு. சூளையைத் திறக்கும்போது சில விரிந்திருக்கும், சில கோணியிருக்கும். அந்த நட்டமும், எரிபொருள் செலவும், நல்லதாகத் தேறியவற்றின் தலையில்தான் விழும்.

யானகியின் நண்பர்களுக்கும் இந்தச் சங்கடம் தப்பவில்லை. ஹமடா, மாஷிகோ என்ற கிராமத்தில் போய்க் குடியேறினார். டோக்கியோ சமையல் அறைகளுக்கு ஜாடியும் கெண்டியும் செய்துகொண்டிருந்த ஊர் அது. பெயர் தெரியாத தொழிலாளியைப்போல் இருக்க விரும்பித் தம் பாத்திரங்களில் முத்திரைகூட இடாமல் விட்டார். பலன்? 1955-ல் ஜப்பான் அரசு அவரை வாழும் நாட்டுச் செல்வமாக அறிவித்தது. அவர் செய்த தட்டும் கிண்ணமும் கண்ணாடிப் பேழைக்குள் போய்விட்டன!

இங்கிலாந்தில் லீச் வேறு வழி பார்த்தார். செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் இருந்த அவர் பட்டறையில், கலைப் பொருள்களோடு, வீட்டுப் புழக்கத்துக்கென்றே ஒரே மாதிரியான குவளை, கிண்ணம், கெண்டி வகைகளைச் செய்து விலைப்பட்டியல் போட்டு விற்றார்கள். கலைஞருக்குப் புகழ் தந்தது ஒன்று. பட்டறைக்குச் சோறு போட்டது மற்றொன்று.

குருசரண் சிங்கின் பாத்திரங்களும் இன்று சேகரிப்பவர்களின் பொக்கிஷம். அதில் அவர் கொள்கை தோற்றுவிட்டது என்று சொல்லலாமா?

அவர் செய்த பாத்திரங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அப்படிச் சொல்லலாம். அவர் உருவாக்கிய மனிதர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

'டாடிஜி'யின் பிள்ளைகள்

பட்டறைக் கதவை அவர் மூடி வைத்ததே இல்லை. கற்றுக்கொள்ள வந்த இளைஞர்களும், குடும்பப் பெண்களும் சக்கரத்தில் உட்கார்ந்தார்கள். மாணவர்கள் அவரை 'டாடிஜி' என்றே அழைத்தார்கள். பரம்பரை பரம்பரையாகத் தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து வந்த பூச்சு ரகசியங்களை அவர் எல்லோருக்கும் திறந்துவிட்டார். அப்துல்லா சொன்னதும், ஜப்பானில் கற்றதும், தாமே சோதித்து அறிந்ததும் பொதுச் சொத்தாயின. இந்திய மண்பாண்டக் கலை பற்றி 1979-ல் நூல் ஒன்றும் எழுதினார்.

அவர் மகன் மன்சிம்ரன் சிங், லீச்சின் பட்டறையிலேயே போய்ப் பயின்றவர். பின்னால் இமாசலப் பிரதேசத்தில், காங்க்ரா பள்ளத்தாக்கில், அந்த்ரேட்டா என்ற கிராமத்தில் பட்டறை அமைத்தார். அங்கேயும் குவளை, தட்டு, கிண்ணம்தான்!

இதே கொள்கை நம் புதுச்சேரியிலும் வேர்விட்டது. 1971-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் பிஜென் என்ற ஊரில் தொழில் கற்றவர். மீக்கர் பிற்காலத்தில் பெரிய சிற்பங்களுக்கும், மண்ணால் வீடு கட்டி அந்த வீட்டையே சூளையாக்கிச் சுடும் சோதனைகளுக்கும் போனார். டெபோரா தட்டு, கோப்பை, கெண்டி என்ற புழங்கும் பாத்திரங்களைக் கவனித்துக்கொண்டார்.

அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் உள்ளூர்த் தமிழர்கள். மண் பிசைந்து, சக்கரம் பழகி, பூச்சுக் கற்று, பிறகு அவர்களில் சிலர் சொந்தப் பட்டறை வைத்தார்கள். 'பாண்டிச்சேரிப் பாட்டரி' என்று டெல்லிக் கடைகளில் விலைபோன பாத்திரங்களின் பின்னால் அந்தத் தமிழ்க் கைகள் இருக்கின்றன.

டெல்லியில் அப்துல்லா, புதுச்சேரியில் இவர்கள். புகழ் பெற்ற பெயருக்குப் பின்னால் எப்போதும் சில கைகள் நிற்கின்றன.

1991-ல் மத்திய அரசு குருசரண் சிங்குக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே ஆண்டு அவர் பட்டறையின் பணியைத் தொடர்வதற்காக ஓர் அறக்கட்டளை உருவானது. 1995-ல், நூறை நெருங்கிய வயதில், அவர் மறைந்தார். ஐம்பதுக்கு மேல் தொடங்கியவருக்கு விதி இன்னும் நாற்பத்து மூன்று ஆண்டுகளை அள்ளிக் கொடுத்தது!

உங்கள் கையே தராசு

2004-ல் ரெயில்வே மந்திரியாக இருந்த லாலு பிரசாத், ரெயில் நிலையங்களில் மண் குல்லடில்தான் தேநீர் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். நாளடைவில் பல இடங்களில் காகிதக் குவளையே திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் டெல்லித் தெருக்களில் குல்லட் மறையவில்லை. சக்கரத்தில் சில நொடிகளில் பிறந்து, ஒரே ஒரு தேநீருக்குப் பயன்பட்டு, உடைந்து மண்ணோடு போகிறது. அதைச் செய்தவர் பெயரைக் கேட்பவர் கிடையாது.

அடுத்த முறை குளிர்காலக் காலையில் ஒரு குல்லட் தேநீர் வாங்கும்போது, குடித்து எறிவதற்கு முன் ஒரு கணம் அதைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் சுழல் சுழலாக விரல் தடம் தெரியும். அடியில், சுற்றும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த வட்டக் கோடுகள் தெரியும். கையில் சூடு ஏறும், ஆனால் சுடாது. கொரியாவில் அந்தச் சோற்றுக் கிண்ணத்தை வனைந்தவரும் இப்படித்தான் வனைந்திருப்பார்.

கடையில் கோப்பை வாங்கப் போனால், முதலில் பூவையும் தங்கக் கோட்டையும் பார்க்க வேண்டாம். பிடிக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பாருங்கள். ஓரத்தை விரலால் தடவுங்கள். மேஜையில் வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். கெண்டி என்றால், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் தண்ணீர் கேட்டு ஊற்றிப் பாருங்கள். சொட்டுகிறதா?

இந்தப் பரீட்சைக்குப் பணம் வேண்டாம். ஐந்து ரூபாய்ப் பாத்திரத்துக்கும் ஐயாயிரம் ரூபாய்ப் பாத்திரத்துக்கும் பரீட்சை ஒன்றுதான்.

அப்புறம், சமையல் அறை மூலையில் இருக்கிறதே, ஊரிலிருந்து வந்த ஜாடி? அதை வெளியே எடுத்து ஒரு முறை நன்றாகத் துடையுங்கள். அலங்கார அலமாரியில் வைத்துவிடாதீர்கள். இந்த வருஷத்து மாவடுவைப் போட்டு, வேடு கட்டி, பழைய இடத்திலேயே வையுங்கள். அதன் அழகுக்கு அதுதான் இடம்.